அளந்தவர் கையெழுத்து

"சிலிண்டரைச் சிரிச்ச முகமா குடுங்க. கேக்குதா? வாயைத் திறக்காம, சிரிச்ச முகமா."

போன் இடது தோளுக்கும் காதுக்கும் நடுவில் நசுங்கிக்கொண்டிருந்தது. வலது கை ஆக்சிஜன் வால்வின் மேல். அழுத்தம் காட்டும் முள் ஐம்பதில் நின்று, யோசித்து, ஐம்பத்தொன்றுக்கு நகர்ந்தது. ஐம்பத்தைந்தில் மூட வேண்டும். மனைவி பேசி முடிப்பதற்குள் முள் வந்துவிடும் என்று அவருக்குத் தெரியும்.

"வாயைத் திறக்காம எப்படிம்மா சிரிக்கிறது?"

"இந்த நக்கல் எல்லாம் எங்கிட்ட வேணாம். ஏழு மாசம் கழிச்சு இன்னைக்குத்தான் அம்மா சாப்பிடக் கூப்பிட்டிருக்காங்க. நாளைக்கு என் தம்பி முங்கிப்போன கப்பலுக்குள்ள இறங்கப் போறான். அவன்கிட்ட அந்த டப்பாவை நீட்டி, அள, எழுது, கையெழுத்துப் போடுன்னு ஆரம்பிச்சீங்க..." பின்னால் விசில் ஒன்று நீளமாக ஊதப்பட்டது. அவள் பள்ளிக்கூடத்தில் டிரில் டீச்சர். "டேய், வரிசையில நில்லு! உங்களைச் சொல்லல. நீங்களும் நில்லுங்க."

முள் ஐம்பத்தைந்தைத் தொட்டது. மூடினார்.

அவரைக் கடையில் எல்லோரும் சதவீதம் என்றுதான் கூப்பிடுவார்கள். தீயணைக்கும் சிலிண்டருக்குப் பொடி நிரப்பும் பட்டறையில் ஒன்பது வருடம், ஆஸ்பத்திரி ஆக்சிஜன் கிடங்கில் நான்கு வருடம், இந்த டைவிங் கடையில் பத்தொன்பது வருடம். வாழ்நாள் முழுக்க எதையாவது எதற்குள்ளாவது அடைத்துக்கொண்டே இருந்திருக்கிறார். நீச்சல் தெரியாது. கடலில் கணுக்கால் நனையும் வரை போயிருக்கிறார், அதுவும் அலையோடு போன செருப்பைப் பிடிக்க. யாராவது கேட்டால், "பல்லு பிடுங்குறவருக்குப் பல்வலி வரணுமா?" என்பார்.

ஆழத்தில் வேலை முடித்து மேலே வருகிறவர்கள் நேராக வந்துவிட முடியாது. வந்தால், குலுக்கிய சோடா பாட்டிலைத் திறந்த மாதிரி ரத்தம் நுரைத்துக்கொள்ளும். அங்கங்கே நின்று நின்று வர வேண்டும். நிற்கும்போது ஆக்சிஜன் அதிகமுள்ள காற்றைச் சுவாசித்தால் சீக்கிரம் வரலாம். அதற்குத்தான் இடுப்போரம் மாட்டிக்கொள்ளும் இந்த இரண்டு சின்னச் சிலிண்டர்கள். ஒன்றில் ஐம்பது சதவீதம், இருபத்தொரு மீட்டரிலிருந்து. இன்னொன்றில் சுத்த ஆக்சிஜன், ஆறு மீட்டருக்கு வந்த பிறகு. சுத்த ஆக்சிஜனை மறந்துபோய் இருபத்தொன்றில் வாயில் வைத்தால் வலிப்பு வரும். குழாய் வாயிலிருந்து நழுவும். அதற்குப் பிறகு சுவாசிக்கக் கிடைப்பது தண்ணீர்தான்.

ஆகவே கடையில் ஒரு நோட்டு. நோட்டில் கடைசிக் கட்டத்தின் தலைப்பு: அளந்தவர் கையெழுத்து. நிரப்பியவர் அளப்பது அவர் பாடு. சுவாசிக்கப் போகிறவர், ஆக்சிஜன் எவ்வளவு என்று காட்டும் அனலைசர் டப்பாவைத் தன் கையால் வைத்து, எண்ணைத் தன் வாயால் படித்து, கையெழுத்துப் போட்டால்தான் சிலிண்டர் வாசலைத் தாண்டும். கடையின் முதலாளியம்மாவும் அளந்திருக்கிறார். நாளை மைத்துனனோடு இறங்கப் போகும் பல் டாக்டர் அளப்பார். அளக்கும்போது பழக்க தோஷத்தில் சிலிண்டரைப் பார்த்து "பெரிசா திறங்க" என்றும் சொல்வார். பத்தொன்பது வருடத்தில் அவர் கையிலிருந்து தப்பான சிலிண்டர் ஒன்றுகூடப் போனதில்லை. இதை அவரே தினம் ஒரு தடவை யாரிடமாவது சொல்லிவிடுவார்.

நோட்டு வீட்டுக்கும் வந்தது. ஜாம் பாட்டிலைத் திறந்தால் மூடியில் டேப் ஒட்டித் தேதி எழுதி, திறந்தவர் கையெழுத்துப் போட வேண்டும். ஒரு நாள் மனைவி டேப்பைக் கிழித்து அவர் நெற்றியில் ஒட்டி, கல்யாணத் தேதியை எழுதி, கீழே 'கெட்டுப்போச்சு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அதை அவர் சாயந்திரம் வரை எடுக்கவில்லை. முறைப்படி எழுதியிருந்தாள்.

ஏழு மாதத்துக்கு முந்தைய விஷயம் இதுதான்: மைத்துனன் எங்கேயோ பழைய சிலிண்டர் ஒன்றை ஆசை ஆசையாக வாங்கி வந்தான். அவர் கழுத்துக்குள் விளக்கை விட்டுப் பார்த்தார். மயிரிழை அளவுக்கு ஒரு விரிசல். எதுவும் பேசாமல் டிரில்லிங் மெஷினை எடுத்து, சிலிண்டரின் நட்ட நடுவில் ஓட்டை போட்டுவிட்டார். இனி அதை யாரும் நிரப்ப முடியாது. சரியான காரியம்தான். ஆனால் மைத்துனன் டீ வாங்க வெளியே போயிருந்த நேரத்தில் செய்திருக்க வேண்டாம். மாமியார் வீட்டில் அன்றிலிருந்து அவருக்கு வேறு பெயர் இல்லை. ஓட்டை போட்டவர்.

போன வாரம் மறுபடி மோதல் வரப் பார்த்தது. மைத்துனனுக்கு மூன்று லிட்டர் சிலிண்டர்தான் வேண்டுமாம். பெரியதை மாட்டினால் போட்டோவில் இடுப்பு அகலமாகத் தெரிகிறதாம்.

"ஆறு மீட்டர்ல உனக்கு நானூத்தி முப்பது லிட்டர் வேணும் மாப்ளே. மூணு லிட்டர் சிலிண்டர்ல நூத்தம்பது பார் அழுத்தம் ஏத்தினா நானூத்தி அம்பது."

"அதான் இருபது மிச்சம் இருக்கே அத்தான்."

"இருபது லிட்டர்னா அங்க அம்பது செகண்டு. பல் டாக்டர் சிலிண்டர்ல ஏதாச்சும் கோளாறுன்னு வை. அம்பது செகண்டுல நீ அவங்களுக்கு மூச்சு குடுப்பியா, ஆறுதல் சொல்லுவியா?"

மைத்துனன் ஒத்துக்கொண்டான். ஐந்தே முக்கால் லிட்டர் சிலிண்டர் இரண்டை எடுத்துக்கொண்டு போனான். திரும்பிக் கொண்டு வந்தபோது இரண்டும் கிளிப்பச்சையாக இருந்தன. பழைய டேப், பழைய எழுத்து, கீறல் எதுவும் இல்லை. இரண்டு கிளிகள் மாதிரியே இருந்தன. எது எது என்று கிளிகளுக்குத்தான் தெரியும்.

"இடுப்பு அகலமானாலும் கலராவது எடுப்பா இருக்கட்டும்னுதான் அத்தான். மேல டேப் மட்டும் ஒட்டிடாதீங்க. பெயிண்ட் உரிஞ்சுடும், மூணு நாள் ஆகணும்னு பெயிண்ட்காரர் சொல்லியிருக்கார்."

நிரப்பும்போது சூடேறாமல் இருக்க சிலிண்டர்களைத் தண்ணீர்த் தொட்டியில் நிறுத்துவார்கள். அட்டையைக் கட்டித் தொங்கவிட்டால் நனையும். ஆகவே அவர் தொட்டியிலிருந்து எடுத்து வைக்க வேண்டிய இடத்தில், வாசலோரம், தரையில் சாக்பீஸால் இரண்டு வட்டம் போட்டார். இடது வட்டத்துக்குள் 50. வலது வட்டத்துக்குள் 100.

ஐம்பத்தைந்தில் மூடிய சிலிண்டருக்குக் கம்ப்ரஸரை மாட்டி, நூற்றைம்பது வரை சாதாரணக் காற்றை ஏற்றினார். பக்கத்துச் சிலிண்டரில் ஏற்கனவே நூற்றைம்பதுக்கு ஆக்சிஜன் ஏறியிருந்தது. ஆறட்டும் என்று டீ குடித்துவிட்டு வந்து, சன்னல் பக்கம் நின்று இரண்டையும் அளந்தார். இடது பக்கம் ஐம்பது புள்ளி ஒன்று. வலது பக்கம் தொண்ணூற்றெட்டு புள்ளி ஒன்பது. சுத்தமான வேலை. நோட்டில் எழுதினார்.

போன் மறுபடி அடித்தது. அந்த அறையில் வாசல் பக்கம்தான் சிக்னல் ஒழுங்காகக் கிடைக்கும். தொட்டியைச் சுற்றிக்கொண்டு வாசல் பக்கம் வந்தார்.

"பழம் வாங்கிட்டு வந்துடுங்க. ஆப்பிள். அழுகினதா பாத்து வாங்குங்க. ஐயோ, அழுகாததா."

"சரிம்மா."

"சிரிச்சுப் பழகினீங்களா?"

"பழகிட்டு இருக்கேன்."

போனைத் தோளில் இடுக்கியபடியே குனிந்து, கைக்கு ஒன்றாக இரண்டு சிலிண்டரையும் தூக்கினார். திரும்பி, இடது கையில் இருந்ததை இடது வட்டத்தில் வைத்தார். வலது கையில் இருந்ததை வலது வட்டத்தில் வைத்தார். துடைத்தார். வால்வுக் கழுத்தில் நூலால் அட்டை கட்டினார். 50, இருபத்தொரு மீட்டர். 100, ஆறு மீட்டர். முடிச்சு மேல் முடிச்சு.

மூன்று மணிக்கு மைத்துனன் வந்தான்.

"எப்படி மின்னுது பாத்தீங்களா அத்தான்?"

"கல்யாணப் பொண்ணு மாதிரி இருக்கு." பேசி முடித்துவிட்டுச் சிரித்தார்.

மைத்துனன் ஓரடி பின்னால் போனான். "பல்லு கில்லு வலிக்குதா? டாக்டர்கிட்ட சொல்லட்டுமா?"

"அக்கா சிரிக்கச் சொன்னா."

"ஓ." அவன் நோட்டை இழுத்தான். அனலைசர் அலமாரியில் கைக்கு எட்டும் இடத்தில் இருந்தது. மற்ற நாளாக இருந்தால் அவர் கை தானாகப் போய் அதை எடுத்து நீட்டியிருக்கும். அந்தக் கையைப் பிடித்துச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டார்.

"நீங்க பாத்தாச்சுல்ல?"

"பாத்தேன். அம்பது புள்ளி ஒண்ணு. தொண்ணூத்தெட்டு புள்ளி ஒம்பது."

"அப்புறம் நான் என்னத்தைப் பாக்குறது? நீங்க பாத்தா ஆண்டவன் பாத்த மாதிரி." கையெழுத்துப் போட்டான். பெரிய கையெழுத்து, வால் பக்கத்துக் கட்டம் வரைக்கும் போனது. இரண்டு கிளிகளையும் தூக்கிக்கொண்டு கிளம்பினான்.

அவர் நோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். தன் வேலையில் அவருக்குச் சந்தேகம் இல்லை. அந்த எண்ணத்துக்கே இடமில்லை. ஆனால் அந்தக் கட்டத்தில் அளக்காத ஒருவனின் கையெழுத்து இருந்தது. பத்தொன்பது வருடத்தில் முதல் பொய். செருப்புக்குள் கல் கிடந்த மாதிரி அது சாயந்திரம் வரைக்கும் அவரோடு நடந்தது. பழக்கடையில் ஆப்பிளைப் பொறுக்கும்போது ஒரு யோசனை வந்தது. திரும்பக் கடைக்குப் போய் அனலைசரை எடுத்துப் பைக்குள் ஆப்பிள்களுக்கு அடியில் வைத்தார். யாருக்கும் தெரியாமல், யாருடைய மனமும் நோகாமல், ஒரே ஒரு தடவை பார்த்துவிட்டால் போதும்.

"பை ஏன் இப்படிக் கனக்குது?" என்றாள் மனைவி, மாமியார் வீட்டு வாசலில்.

"நல்ல ஆப்பிள். சதைப்பற்று."

"வாங்க மாப்பிள்ளை" என்றார் மாமியார். பையை ஒரு பார்வை பார்த்தார். "டிரில்லிங் மெஷின் எதுவும் கொண்டு வரலையே?"

அவர் சிரித்தார். மாமியார் மகளைப் பார்த்தார். மகள் சுவரைப் பார்த்தாள். மாமனார் டிவியில் வானிலை பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பிடித்த நிகழ்ச்சி அதுதான். நாளைக்கு மழை என்றால் இன்றைக்கே வருத்தப்பட ஆரம்பித்துவிடுவார்.

"கை கழுவணும்னா பாத்ரூம் போகாதீங்க" என்றார் மாமியார். "கடலுக்குப் போற சாமான் பூரா அங்கதான் அடுக்கி வச்சிருக்கான். நாங்களே ரெண்டு நாளா பக்கெட்டைத் தூக்கிட்டு அலையறோம்."

"அவசரம்" என்றார் அவர். பையோடு போனார்.

"பழத்தோட எதுக்குப் போறாரு?" என்று மாமியார் கேட்டது கதவைச் சாத்தும்போது காதில் விழுந்தது.

நீந்தும் உடுப்பு ஷவரிலிருந்து தூக்கில் தொங்குகிற ஆள் மாதிரி தொங்கியது. கிளிப்பச்சைச் சிலிண்டர்கள் கண்ணாடிக்குக் கீழே சாய்ந்திருந்தன. ஆப்பிள்களை வாஷ்பேசினில் கொட்டி அனலைசரை எடுத்தார். முதலில் சும்மா காற்றில் பிடித்தார். இருபது புள்ளி ஒன்பது. பாத்ரூம் காற்றும் காற்றுதான். ஐம்பது என்று அட்டை கட்டிய சிலிண்டரின் வால்வை மெல்லத் திறந்தார்.

ஸ்ஸ்ஸ்ஸ் என்று நீளமாக ஒரு சத்தம்.

வெளியே பேச்சு நின்றது.

"என்னடி சத்தம் அது?"

"தெரியலம்மா. மத்தியானம் கடையில எதையாவது சாப்பிட்டிருப்பார்."

"இவ்ளோ நேரமாவா?"

"மனுஷ உடம்பு. விடுங்க" என்றார் மாமனார். டிவியின் சத்தம் கூடியது.

அவருக்கு எதுவும் கேட்கவில்லை. எண் முப்பதைத் தாண்டியது. நாற்பது. ஐம்பதில் நிற்கும் என்று அவர் முகம் தளர ஆரம்பித்தது. எண் அதற்காக நிற்கவில்லை. அறுபது, எண்பது. தொண்ணூற்றெட்டு புள்ளி எட்டில் போய் நின்றது.

வால்வை மூடினார். அனலைசரைச் சட்டையில் துடைத்தார். காற்றில் பிடித்தார். இருபது புள்ளி ஒன்பது. மறுபடி அளந்தார். தொண்ணூற்றெட்டு புள்ளி எட்டு. பக்கத்துச் சிலிண்டர், நூறு என்று அட்டை: ஐம்பது புள்ளி இரண்டு.

கவிழ்த்துக் கிடந்த பக்கெட்டின் மேல் உட்கார்ந்தார். சன்னல் பக்கம் நின்று அளந்திருக்கிறார். வாசல் பக்கம் நின்று தூக்கியிருக்கிறார். அந்தப் பக்கத்து இடது இந்தப் பக்கத்து வலது. மூன்று வயதுப் பிள்ளைக்குத் தெரிகிற விஷயம். நாளைக்கு இருபத்தொரு மீட்டரில் மைத்துனன் இதை வாயில் வைத்திருப்பான். கீழே பல் டாக்டர் இருந்திருப்பார். அவரால் பல்லைத்தான் காப்பாற்ற முடியும்.

கொஞ்ச நேரம் கழித்து, வெட்கமில்லாமல், இன்னொரு யோசனை வந்தது. நூல் இரண்டு. முடிச்சு நான்கு. அட்டையை மாற்றிக் கட்டிவிட்டால் எல்லாம் சரி. அரை நிமிட வேலை. அளந்தாகிவிட்டது, இப்போது சந்தேகமே இல்லை. மைத்துனன் பத்திரமாகப் போய்ப் பத்திரமாக வருவான். பத்தொன்பது வருடம் பத்தொன்பது வருடமாகவே இருக்கும். வெளியே போய், சிரித்த முகமாக உட்கார்ந்து சாப்பிடலாம்.

ஒரு முடிச்சை அவிழ்த்தும் விட்டார்.

அப்போதுதான் அந்தப் பெரிய கையெழுத்து ஞாபகம் வந்தது. இவர் பார்த்தால் ஆண்டவன் பார்த்த மாதிரி. அட்டையை மாற்றிவிட்டால் நாளையும் அப்படித்தான் சொல்வான். அடுத்த வருடமும் சொல்வான். ஆண்டவனுக்கு இடது வலது தெரியாது என்று அவனுக்கு யார் சொல்வது?

முடிச்சைப் பழையபடி, தப்பான அட்டையோடு, இறுக்கிக் கட்டினார். கதவைத் திறந்தார்.

"மாப்ளே, இங்க வா."

கையில் அனலைசரைப் பார்த்ததும் மனைவி எழுந்துவிட்டாள். "என்னங்க!" அந்த ஒரு சொல்லில் விசில் இருந்தது.

"வந்து அள."

"பாத்தியாம்மா?" என்றான் மைத்துனன். "சாப்பிடக் கூப்பிட்ட வீட்டில, பாத்ரூம்ல வச்சு அவமானப்படுத்துறார்."

"ஏழு மாசம் இல்ல, ஏழு வருஷம் நீங்க யாரும் எங்கூடப் பேச வேணாம். அளந்துட்டுப் போ."

அவன் டப்பாவைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே போனான். குடும்பம் பாத்ரூம் வாசலில் நின்றது. மாமனார்கூட வானிலையைப் பாதியில் விட்டுவிட்டு வந்தார். ஸ்ஸ்ஸ்ஸ் என்று சத்தம் வந்தது. "இதான் அந்தச் சத்தமா!" என்றார் மாமியார், கொஞ்சம் நிம்மதியாக.

"அத்தான், உங்க மெஷின் கெட்டுப்போச்சு."

"காத்துல பிடிச்சுப் பாரு."

"இருபது புள்ளி ஒம்பது."

"கெட்ட மெஷின் அதைக் காட்டுமா? திரும்ப அள."

திரும்ப அளந்தான். இந்தத் தடவை எண்ணைப் படிக்கவில்லை. அட்டையைப் பார்த்தான், எண்ணைப் பார்த்தான், அட்டையைப் பார்த்தான். டாய்லெட் மூடியின் மேல் உட்கார்ந்தான்.

"அம்பதுன்னு போட்டிருக்கு" என்றான்.

"போட்டது நான்தான்."

"அளந்தீங்களே?"

"சரியாத்தான் அளந்தேன். தூக்கும்போது மாறிப்போச்சு. நீ அங்கேயே அளந்திருந்தா அங்கேயே தெரிஞ்சிருக்கும். நான் அளக்கச் சொல்லல. அதுவும் என் தப்புதான்."

"என்னடா? என்ன அம்பது?" என்றார் மாமியார்.

"நாளைக்கு இதை நான் கீழ வாயில வச்சிருந்தேன்னா அம்மா..." அவன் முடிக்கவில்லை. கையால் ஏதோ காட்டினான். மாமியாருக்குப் புரிந்தது. மருமகனைப் பார்த்தார். திட்டுவதற்கு வாயைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார்.

"கொல்லப் பாத்ததும் இவரு, காப்பாத்தினதும் இவரு. இதுக்கு நான் என்னன்னு திட்டுறது?"

"பாதிப் பாதியா திட்டு" என்றார் மாமனார்.

"நான்தான் போன் மேல போன் போட்டேன்" என்றாள் மனைவி மெதுவாக.

"சிலிண்டரைத் தூக்கினது போன் இல்லம்மா. நான்."

மைத்துனன் எழுந்து டேப் கேட்டான். அவர் சட்டைப் பையில் டேப் எப்போதும் இருக்கும். அவன் அட்டைகளை அறுத்துப் போட்டுவிட்டு, கிளிப்பச்சைப் பெயிண்டின் மேலேயே இரண்டிலும் டேப்பை அழுத்தி ஒட்டினான். எண், ஆழம், தேதி. தன் கையெழுத்தை இந்தத் தடவை சின்னதாகப் போட்டான். பிறகு ஹாலுக்குப் போய்ப் போனை எடுத்தான்.

"டாக்டர்! விஷயம் தெரியுமா? சதவீதம் மாத்திக் கட்டிட்டாரு! ஆமா, சதவீதமேதான்! சத்தியமா!" கடையில் வேலை செய்கிறவர்கள், படகு ஓட்டுகிறவர், கூடப் படித்தவர் என்று வரிசையாக ஒன்பது பேருக்குச் சொன்னான். ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் சிரிப்பு கொஞ்சம் கூடியது. ஆறாவது ஆளுக்குச் சொல்லும்போது அத்தானின் தலையில் இடது வலது என்று டேப் ஒட்டப் போவதாகச் சொன்னான். அவர் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். சிரிக்கச் சொல்லி யாரும் இப்போது கேட்கவில்லை. மாமியார் வந்து தட்டில் இரண்டாவது தடவை பரிமாறினார், கொஞ்சம் கோபமாக, நிறையவே.

மறுநாள் காலை ஆறே காலுக்குப் படகு கிளம்பியது. ஏறுவதற்கு முன் மைத்துனனும் பல் டாக்டரும் ஆளுக்கு இரண்டு சிலிண்டரை அளந்தார்கள். சதவீதம் எட்டு மணிக்குக் கடைக்குப் போய் முதலாளியம்மாவிடம் நடந்ததைச் சொன்னார். அவருக்கு ஏற்கனவே மூன்று பேர் சொல்லியிருந்தார்கள். ஒரு வாரத்துக்கு நிரப்பும் வேலையை வேறொருவர் பார்க்கட்டும் என்றார். சதவீதம் பின்பக்கம் போய்ப் பன்னிரண்டு சிலிண்டர்களை வெந்நீரில் கழுவிக் கவிழ்த்து வைத்தார். கம்ப்ரஸரின் வடிகட்டியை மாற்றினார். பதினொன்றரை மணிக்குத் தூறல் போட்டு நின்றது. ஒன்றே முக்காலுக்குப் படகு திரும்பியது. கப்பலின் பின்பக்கம் ஒரே கலங்கல், இரண்டு மீட்டருக்கு மேல் ஒன்றும் தெரியவில்லை என்றார்கள். இருபத்தொரு மீட்டரிலிருந்து நின்று நின்று மேலே வர முப்பத்திரண்டு நிமிடம் ஆனது. மைத்துனன் சாமான்களை இறக்கிவிட்டுத் தூங்கப் போனான். சதவீதம் ஐந்தரைக்குக் கடையைப் பூட்டிச் சாவியைக் கொடுத்துவிட்டு பஸ்ஸில் வீட்டுக்குப் போனார்.